டூம் இன்னும் ஓடுவது ஏன்? பழைய விளையாட்டுகளும் திறந்த மூல நிரலும்

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கருத்துகள் தவறாமல் வந்து விழும். புதிய கணினியில் பழைய விளையாட்டு ஓடாது என்பார்கள். பழைய கருவியைப் போலச்செய்து அதன் விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் என்றாலே திருட்டு என்பார்கள். நிரலர் எழுதிய மூல நிரலை யாரும் படித்து மாற்றும்படி விடப்பட்ட திறந்த மூல மென்பொருள் என்றால் இலவசம், இலவசமாகக் கிடைப்பதன் தரம் அந்த அளவில்தான் இருக்கும் என்பார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இவை இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றன. ஆயினும், 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட டூம் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, அது ஓடிய டாஸ் இயங்குதளம் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆன பிறகும், விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு என எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபக்கம், 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ரசிகர்களின் அன்புதான் டூமைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் மறைந்துபோனவற்றுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். ஒரு விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டது, அதன் நிரல் யார் கையில் எந்த உரிமத்தின் கீழ் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

டூம் தொடக்கத்திலிருந்தே இரண்டு துண்டுகளாக இருந்தது. சுவர்களையும் அரக்கர்களையும் திரையில் வரைவது, விசைப்பலகையைக் கவனிப்பது, துப்பாக்கிக் குண்டு எதில் பட்டது என்று கணக்கிடுவது ஆகியவற்றை எஞ்சின் என்று சொல்லப்படும் நிரல் செய்தது. அந்தச் சுவர்களின் படங்கள், அரக்கர்களின் உருவங்கள், தளங்களின் வரைபடங்கள், இசை, ஒலி ஆகியவை அனைத்தும் 'வாட்' என்ற பின்னொட்டு கொண்ட தனிக் கோப்பில் இருந்தன. ரசிகர்கள் தாங்களே புதிய தளங்களை உருவாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே தலைமை நிரலர் ஜான் கார்மாக் இப்படிப் பிரித்து வைத்தார். மேலும், விளையாட்டின் பெரும்பகுதி சி மொழியில், டாஸ் கணினிகளில் அல்லாமல் நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில் எழுதப்பட்டது. எழுதும் இடமும் ஓடும் இடமும் வேறாக இருந்ததால், நிரல் குறிப்பிட்ட ஒரு வன்பொருளோடு இறுகப் பிணைந்துவிடவில்லை. நீண்ட ஆயுளை மனத்தில் வைத்து இதைச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அன்றைய வேலை வசதிக்காக எடுத்த முடிவுகள் பின்னாளில் பெரும் பலன் தந்தன.

1997 டிசம்பர் 23 அன்று ஐடி சாஃப்ட்வேர் டூமின் மூல நிரலை வெளியிட்டது. அப்போது வெளியானது, பெரும்பாலோர் விளையாடிய டாஸ் பதிப்பின் நிரல் அன்று. லினக்ஸ் பதிப்பின் நிரல். டாஸ் பதிப்பில் ஒலிக்காகப் பயன்படுத்திய நிரல் தொகுப்பு வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால் அதை வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தியது தவறு என்று கார்மாக் நிரலோடு இணைத்த குறிப்பிலேயே வருந்தினார். முதலில் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்த நிரல், 1999இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதன்படி யாரும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும்.

திறந்தது எஞ்சின் மட்டுமே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வாட் கோப்பு அன்றும் இன்றும் பதிப்புரிமைக்கு உட்பட்டது. இலவசமாகச் சுற்றுக்கு விடப்பட்ட முதல் பகுதியைத் தாண்டி விளையாட விரும்புபவர் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நிறுவனம் கை மாறிய பிறகும் டூம் இன்றுவரை விற்பனையில்தான் இருக்கிறது. திறந்த மூலம் என்றால் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிடுவது என்ற எண்ணம் இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது. நிரலைத் திறந்ததால் சரக்கின் மதிப்பு குறையவில்லை. அந்தச் சரக்கை ஓட்டத் தெரிந்த கருவிகள் பெருகியதால், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்கு வாங்குவோர் இருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிரல் கையில் இருப்பதற்கும் விளையாட்டின் படங்கள் மட்டும் கையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை டூமின் 'டெமோ' கோப்புகளைப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் விளையாடியதைப் பதிவு செய்து மற்றவருக்கு அனுப்பும் வசதி டூமில் உண்டு. ஆனால் அந்தக் கோப்பில் காணொளி எதுவும் இல்லை. டூம் ஒரு நொடியை 35 துணுக்குகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு துணுக்கிலும் விளையாடுபவர் முன்னே போனாரா, பக்கவாட்டில் நகர்ந்தாரா, எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பவை மட்டும் நான்கு பைட்டுகளில் பதிவாகின்றன. கோப்பைத் திறந்தால் எஞ்சின் அந்த அசைவுகளை மீண்டும் ஒருமுறை விளையாடிக் காட்டும். அரக்கன் எந்தப் பக்கம் திரும்புவான், குண்டு எவ்வளவு காயப்படுத்தும் என்பவை தற்செயலாகத் தோன்றினாலும், அவை 256 எண்கள் கொண்ட மாறாத பட்டியல் ஒன்றிலிருந்து வரிசையாக எடுக்கப்படுபவை. ஆகவே ஒரே அசைவுகள் ஒரே விளைவைத்தான் தரும். இதன் மறுபக்கம் என்னவென்றால், எஞ்சினில் ஒரு சிறு பிழையைத் திருத்தினாலும் கணக்கு பிசகும், பதிவில் இருப்பவர் கதவு இல்லாத இடத்தில் சுவரை முட்டிக்கொண்டு நிற்பார். பழைய பதிவுகள் சரியாக ஓட வேண்டுமானால் பழைய பிழைகளும் அப்படியே இருந்தாக வேண்டும்.

இதற்காகவே சாக்லேட் டூம் என்ற திறந்த மூல வடிவம் எழுதப்பட்டது. அசல் டாஸ் பதிப்பின் நடத்தையை, அதன் பிழைகளும் வரம்புகளும் உட்பட, இன்றைய கணினியில் மீட்டுத் தருவதே அதன் குறிக்கோள். இதற்கு நேர் எதிராக ஜிஇசட்டூம் போன்ற வடிவங்கள் உயர்ந்த தெளிவுத்திறன், புதிய ஒளியமைப்பு, பெரிய தளங்கள் என்று அசல் நிரல் கனவிலும் காணாத வசதிகளைச் சேர்த்தன. ஒரே மூலத்திலிருந்து, ஒன்று பழமை மாறாமலும் மற்றொன்று பழமையை உதறியும் வளர்ந்திருக்கின்றன. ஒரு நிறுவனம் தானே மறுவெளியீடு செய்தால் இரண்டில் ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்கும், பெரும்பாலும் புதுமெருகு ஏற்றும் வழியை. பழையதை அப்படியே வைத்திருப்பதில் வணிக லாபம் குறைவு என்பதால் அந்த வேலை ஆர்வலர்கள் கையிலேயே விடப்படுகிறது. அவர்களால் அதைச் செய்ய முடிவதற்கு உரிமமே அடிப்படை.

நிறுவனம் நிரலைக் கொடுக்காத இடங்களில் வேறு வழிகள் பிறந்தன. கிறிஸ் சாயர் உருவாக்கிய, போக்குவரத்து நிறுவனம் நடத்தும் விளையாட்டான டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் 1995இல் வெளிவந்தது; அவர் அதைச் செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதியிருந்தார். அதன் இயங்கு நிரலைப் பிரித்துப் படித்து, சி மொழியில் மீண்டும் எழுதி, 2004இல் ஓப்பன்டிடிடி என்ற பெயரில் வெளியிட்டவர் சுவீடன் நாட்டு நிரலர் லுட்விக் ஸ்டிரிகேயஸ். தொடக்கத்தில் அதை விளையாட அசல் விளையாட்டின் படக் கோப்புகள் தேவைப்பட்டன. ஆர்வலர்கள் இரயில், பேருந்து, வீடு, மரம் என ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்து, ஒலியையும் இசையையும் புதிதாக ஆக்கி, அந்தத் தேவையை அகற்றினார்கள். 2010இல் வந்த 1.0 பதிப்பு அசலின் ஒரு கோப்பும் இல்லாமல் தனித்து ஓடியது. அசலில் 256க்கு 256 கட்டங்களாக இருந்த நிலப்பரப்பு இதில் 4096க்கு 4096 வரை விரியும். டூமுக்கும் இதே வகையில் ஃப்ரீடூம் என்ற கட்டற்ற வாட் கோப்பு உண்டு. ஆனால் அதே சாயரின் ரோலர்கோஸ்டர் டைகூன் 2 விளையாட்டை மீட்டெழுதிய ஓப்பன்ஆர்சிடி2, 2014இல் தொடங்கிய பிறகு நிரல் அளவில் எவ்வளவோ முன்னேறியும், நெடுங்காலம் அசல் படக் கோப்புகளையே நம்பியிருந்தது. நிரலை மீட்டெழுதும் நிரலர்கள் கிடைக்கும் அளவுக்கு ஆயிரக்கணக்கான சிறு படங்களைப் பொறுமையாக வரையும் ஓவியர்கள் கிடைப்பதில்லை. திறந்த மூலத் திட்டங்களில் நெடுங்காலமாக உள்ள குறை இது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் நம்மில் பலர் விளையாடிய ஸ்பேஸ் கேடட் பின்பாலின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சினிமாட்ரானிக்ஸ் என்ற வெளி நிறுவனம் எழுதிக்கொடுத்த அந்த விளையாட்டு, விஸ்டாவில் காணாமல் போனது. 64-பிட் விண்டோஸுக்காக நிரலை மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் பொருள்களுக்குள் புகுந்து போனதாகவும், பல ஆண்டுகளுக்கு முன் வெளியார் எழுதிய, விளக்கக் குறிப்புகள் இல்லாத அந்த நிரலில் பிழையின் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாததால் விளையாட்டையே நீக்கியதாகவும் மைக்ரோசாஃப்டின் நிரலர் ரேமண்ட் சென் விளக்கியிருக்கிறார். பெரிய நிறுவனம் கைவிட்டதை, மூல நிரல் கையில் இல்லாத வெளியார் பின்னாளில் இயங்கு நிரலிலிருந்து பிரித்தெடுத்துத் திரும்ப எழுதினார்கள், அசலின் 'பின்பால்.டாட்' கோப்பு இருந்தால் அது இன்று லினக்ஸிலும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்டைக் குறைசொல்ல இதில் அதிகம் இல்லை. வெளியீட்டுத் தேதி நெருங்கும் நேரத்தில் ஒரு பந்து விளையாட்டுக்காக எந்த மேலாளரும் வாரக்கணக்கில் ஆள் ஒதுக்கமாட்டார். நேரக் கணக்குப் பார்க்காமல் ஒரு பிழையின் பின்னால் அலைய ஆர்வலரால்தான் முடியும்.

மூல நிரலைப் பார்க்க முடிந்தாலே அது திறந்த மூலம் என்று கொள்வதும் பரவலாக இருக்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை 1989இல் உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், தொலைந்துவிட்டதாக நினைத்த ஆப்பிள் II மூல நிரல் அடங்கிய ஃபிளாப்பிகளை, அவருடைய தந்தை வீட்டுப் பெட்டி ஒன்றில் கண்டெடுத்து அனுப்ப, 2012இல் பலர் உதவியோடு அவற்றைப் படித்தெடுத்து, நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் வைத்தார். அதை யாரும் படித்துப் பார்க்கலாம், மாற்றிப் பார்க்கலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை என்றவர், இதனால் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மீது எந்த உரிமையும் வழங்கப்படவில்லை என்றும் எழுதி வைத்தார். ஆர்கேட் இயந்திர விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரும் அப்படித்தான் இருந்தது. நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய அதன் மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி இருந்தாலும், அதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இருந்ததால், முறைப்படி அது திறந்த மூலம் ஆகாது. பல ஆண்டுகளாகப் பங்களித்த நிரலர்களைத் தேடிப்பிடித்து இசைவு பெற்ற பிறகுதான் 2016இல் அது ஜிபிஎல், பிஎஸ்டி உரிமங்களுக்கு மாறியது.

எமுலேட்டர் திருட்டா என்ற கேள்விக்கு வருவோம். எமுலேட்டர் என்பது ஒரு கருவியின் நடத்தையை வேறொரு கருவியில் போலச்செய்யும் நிரல். விளையாட்டின் நகல் அதில் இல்லை. சோனியின் பிளேஸ்டேஷனைப் போலச்செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், எமுலேட்டரை எழுதுவதற்காக அசல் கருவியின் நிரலை நகலெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. உரிமை பெறாமல் விளையாட்டின் நகலான ரோம் கோப்பைப் பதிவிறக்குவது வேறு விஷயம். அது பதிப்புரிமை மீறல்தான். 2024இல் நின்டெண்டோவுக்கு 24 இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு மூடப்பட்ட, அந்நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவியைப் போலச்செய்த யூசு எமுலேட்டரின் வழக்கிலும், கருவியைப் போலச்செய்ததைவிட, சந்தையில் இருக்கும் விளையாட்டுகளின் மறையீட்டுப் பூட்டை உடைப்பதற்கு அது துணைபோனது என்பதே குற்றச்சாட்டின் மையமாக இருந்தது. அந்த வழக்கை முப்பது ஆண்டுப் பழைய விளையாட்டுகளோடு சேர்த்துப் பேசுவது குழப்பத்தையே தரும். 1993இல் ஒரு நிறுவனம் வெளியிட்ட படைப்புக்கு அமெரிக்கச் சட்டப்படி 2088 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. அதற்குள் அந்த ஃபிளாப்பிகளின் காந்தப் பூச்சு அழிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 90களில் இங்கே டிவியில் இணைத்து விளையாடிய வீடியோ கேம் கருவிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாமை நகலெடுத்தவை. நூற்றுக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக மேலே அச்சிட்டிருந்த மஞ்சள் கேசட்டுகளில் பத்துப் பதினைந்து விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வரும். கான்ட்ராவை உருக்கத்தோடு நினைவுகூரும் தலைமுறையில் அசல் கேசட்டைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே. எமுலேட்டர் திருட்டு என்று அந்தத் தலைமுறையே தீர்ப்புச் சொல்வதைக் கேட்கும்போது சற்றுச் சிரிப்பு வருகிறது.

நேர்மையான வணிகமும் எமுலேட்டர்களையே நம்பியிருக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2008இல் தொடங்கப்பட்ட ஜிஓஜி இணையக் கடையில் ஒரு பழைய டாஸ் விளையாட்டை வாங்கினால், அதை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் அல்லது ஸ்கம்விஎம் என்ற நிரலும் சேர்ந்தே வரும். இரண்டும் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளவை, ஊதியம் எதிர்பாராத நிரலர்கள் எழுதியவை. உரிமத்தை மதிக்காதவர்களும் இருந்தார்கள்: நின்டெண்டோவின் வீ கருவிக்காகச் சில பழைய குழந்தைகள் விளையாட்டுகளை மறுவெளியீடு செய்தபோது, ஒரு நிறுவனம் ஸ்கம்விஎம் நிரலை அதன் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் பயன்படுத்தியது வெளிப்பட்டு, அந்த விவகாரம் 2009இல் சமரசத்தில் முடிந்தது. பெரிய நிறுவனங்கள் ஆர்வலர்களைப் பதிப்புரிமை மீறியவர்கள் என்று சொல்வதே வழக்கம். இதில் மீறியது யார் என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

தரத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு டாஸ்பாக்ஸே போதுமான பதில். பழைய விளையாட்டுகள் பல, கணினியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. இன்றைய செயலியில் அவற்றை நேரடியாக ஓட விட்டால் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் விசையோடு எஃப்11ஐ அழுத்தினால் போலிச் செயலியின் வேகம் குறையும், எஃப்12ஐ அழுத்தினால் கூடும். விளையாட்டு சரியான நடைக்கு வரும்வரை மாற்றிக்கொள்ளலாம். புதிய கணினியில் பழையது ஓடாது என்ற கருத்து, இந்த நிரல் இல்லாத இடத்தில் உண்மை. ஆனால் உண்மையான கவலை தரத்தைவிடத் தொடர்ச்சியில் இருக்கிறது. டாஸ்பாக்ஸின் முதன்மைத் திட்டம் 2019இல் வெளியிட்ட 0.74-3 பதிப்புக்குப் பிறகு அமைதியாகிவிட்டது. அப்படி நின்றுபோனதை வேறு குழுக்கள் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்று கிளைபிரித்து நடத்துகின்றன. மூடிய மென்பொருளில் இது நடக்காது. அதே நேரம், எந்தக் கிளையைத் தேர்வது என்று தெரியாமல் புதிதாக வருபவர் திகைப்பதும் இதன் விலைதான்.

நிரலைத் திறந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் கமாண்ட் அண்ட் காங்கர் வரிசையின் ஜெனரல்ஸ் உள்ளிட்ட விளையாட்டுகளின் நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. வெளியாரிடம் உரிமம் வாங்கிப் பயன்படுத்திய ஒலி, காணொளித் தொகுப்புகளை அதில் சேர்க்க முடியாததால், ஜெனரல்ஸ் நிரலைத் தொகுத்து ஓட்ட விரும்புபவர் அந்த இடங்களைத் தாமே நிரப்ப வேண்டியிருந்தது. 1997இல் டூமுக்கு ஒரே ஓர் ஒலித் தொகுப்பு தடையாக இருந்தது. இன்றைய விளையாட்டு ஒன்றில் இயற்பியல் கணக்கு, முகபாவனை, கள்ளாட்டத் தடுப்பு, குரல் உரையாடல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்து வருகிறது.

இதைவிடக் கடினமானது சர்வரை நம்பிய விளையாட்டுகளின் நிலை. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட தி க்ரூ, தனியாக விளையாடினாலும் இணையத் தொடர்பு கேட்கும் விளையாட்டு. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருந்த வட்டும் பயனற்றதானது. இதை ஒட்டி ராஸ் ஸ்காட் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அதன் கோரிக்கை; மூல நிரலைத் திறந்தாக வேண்டும் என்று அது கேட்கவில்லை. சர்வர் நிரலில் வெளியாரின் பகுதிகள் கலந்திருப்பதால் அது எளிதல்ல என்று நிறுவனங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பகுதிகளை எந்த நிபந்தனையில் வாங்குவது என்பதை விளையாட்டை எழுதத் தொடங்கும்போதே முடிவு செய்வதும் அதே நிறுவனங்கள்தான். 1999 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் குவேக்கின் நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டபோது, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் குவேக்வேர்ல்டின் சர்வர் நிரலும் அதில் இருந்தது. அந்த விளையாட்டை இன்றைக்கும் ஆடுபவர்கள் தங்கள் சர்வரைத் தாங்களே நடத்திக்கொள்கிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.